முள்கரண்டியை நம்பாதீங்க பாஸ்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு 'தானா தண்ணி ஊத்திக்கிற பூந்தொட்டி' பண்றீங்களா? முதல்ல சென்சாரைக் காட்டுங்க. முள்கரண்டி மாதிரி ரெண்டு கால் இருக்கா? போச்சு! எக்ஸ்டர்னல் வர்றதுக்குள்ளே அது மண்டையைப் போட்டாலும் போட்டுடும்.

காரணம், ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில படிச்ச அதே மின்னாற்பகுப்புதான். ரெண்டு காலுக்கு நடுவே மண் வழியா எவ்வளவு கரன்ட் பாயுதுன்னு பார்த்துத்தான் அது ஈரத்தைச் சொல்லுது. நாள் முழுக்க டி.சி. கொடுத்து ஈரமண்ணில நிறுத்தினா, பாசிட்டிவ் காலோட மெல்லிய பூச்சு அரிச்சு, உள்ளே இருக்கிற செம்பும் கரைஞ்சு மண்ணில இறங்கிடும். அளவு மீறினா அது வேருக்கும் ஆகாது. இன்னொரு கூத்தும் உண்டு. மண்ணில உப்பு ஏறினா கரன்ட் ஜோராப் பாயும். ஹாஸ்டல் போர் தண்ணியும் பொட்டாஷும் விழுந்த தொட்டி காய ஆரம்பிச்சாலும், 'ஈரமாத்தான் இருக்கு'ன்னு சென்சார் சத்தியம் பண்ணும். பம்ப் ஓடாது, செடி வாடும்!

அதனால, கொஞ்சம் காசு கூடப் போனாலும் கெபாசிட்டிவ் சென்சாரைக் கேளுங்க. ஒரே பட்டையா, கத்தி மாதிரி இருக்கும். செம்பு நேரடியா மண்ணைத் தொடாது. ஆனா பட்டையை வெட்டின விளிம்புல பூச்சு கிடையாது. தண்ணி ஊறுறதே அங்கேதான். தங்கச்சிகிட்ட கெஞ்சி நெயில் பாலிஷ் வாங்கி ரெண்டு கோட் அடிங்க. எபாக்ஸி கிடைச்சா இன்னும் உத்தமம். சிப் இருக்கிற மேல்பகுதி மண்ணுக்கு வெளியேதான் இருக்கணும்.

கடையில அந்தச் சிப்போட பேரையும் படிச்சிடுங்க. டி.எல்.சி.555 என்றால் ஓகே. என்.இ.555 என்றால் 4.5 வோல்ட்டாவது கேட்கும், 3.3 வோல்ட் தர்ற இ.எஸ்.பி.32 போர்டுல தகராறுதான்.

முள்கரண்டியை ஏற்கெனவே வாங்கித் தொலைச்சாச்சா? மணிக்கு ஒரு தடவை, ரீடிங் எடுக்கிற நொடி மட்டும் பவர் கொடுங்க. ஆயுசு நீளும்.

எதை வாங்கினாலும் உங்க தொட்டி மண்ணையே நல்லா காயவெச்சு ஒரு ரீடிங், ஊறவெச்சு ஒரு ரீடிங் எடுத்து எழுதி வைங்க. நெட்ல சுட்ட நம்பர் உங்க மண்ணுக்குப் பொருந்தாது. கெபாசிட்டிவ்ல காய்ஞ்ச மண்ணுக்குத்தான் பெரிய நம்பர் வரும், குழம்பாதீங்க.

அதே ப்ராஜெக்டை ஊர்ல அப்பா வயலுக்குக் கொண்டுபோற ஐடியா இருக்கா? கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கின ஈரங்காட்டியை ஒரு தடவை பாருங்க. நம்பரே கிடையாது. நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு நாலு விளக்குதான். சிவப்பு எரிஞ்சா உடனே மோட்டாரைப் போடணும்!