கட்டளைப் படியும் நிரல் திருத்தமும்

திருகோணமலைத் துறைமுகம் போன்றதொரு வாயிலிலே, உட்புகத் தக்கோர் பெயரேடு ஒன்று காவலர் கையில் இருப்பதாகக் கொள்வோம். தலைமையகத்தோடு தொடர்பு அற்ற நாளில் அவர் அவ்வேட்டையே நம்புவார். கணினி வலையிலும் நிலைமை இஃதே.

லினக்ஸ் கணினிகளில் இயங்கும் எஸ்.எஸ்.எஸ்.டி. என்னும் மென்பொருள், எவர் நுழையலாம், எவர் நுழையலாகாது என விதிக்கும் கட்டளைக் கோப்புகளை ஆக்டிவ் டைரக்டரி சேவையகத்திலிருந்து இறக்கித் தன்னிடத்தே படி வைத்துக்கொள்ளும். 2014ஆம் ஆண்டு வெளிவந்த 1.12ஆம் பதிப்பில் இவ்வசதி சேர்ந்தது. கட்டளையின் பதிப்பெண் சேவையகத்தில் உயர்ந்தாலன்றி அதனை மீள இறக்குவதில்லை. தொடர்பு அற்றவிடத்துப் பழம்படியே ஆளும்.

சி மொழியிலமைந்த இத்தகைய நிரலில் ஒருவர் செய்த திருத்தத்தைப் பிறரொருவர் வாசித்த பின்னரே சேர்ப்பது வழக்கு. வாசிப்பவர் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இறக்கம் பாதியில் முறிந்தால் யாதாகும்? பழைய கோப்பின் மீதே எழுதினால் அரைகுறைக் கட்டளையே எஞ்சும். விலக்கப்பட்டவர் பெயர் அறுபட்ட பாதியில் இருந்திருக்கவுங் கூடும். ஆதலின் தற்காலிகக் கோப்பில் முழுதும் எழுதி, 'ரினேம்' என்னும் அழைப்பாற் பெயர் மாற்றுவர். வாசிக்கும் நிரல் பழையதைக் காணும், அன்றேற் புதியதைக் காணும், இடைப்பட்டதைக் காணாது.

பதிப்பெண்ணை முந்திப் பதிவதும் பிழையே. புதிய எண்ணும் பழைய கட்டளையுஞ் சேர்ந்துவிட்டாற் கணினி ஏமாறி, மறுபடி இறக்காது. இது சந்திப்பிழையினும் நுண்ணியது. பல கண்களுக்குத் தப்பும்.

எழுதும் அழைப்பு மீட்டுத்தரும் விடையைப் பாராது விடுதலோ, விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமற் புள்ளியிடுவதை ஒக்கும். வட்டு நிறைந்திருந்தால் அவ்விடை அதனை உரைக்கக் கூடும்.