மறைத்த துணி, காட்டும் துணி

ஜெர்மனியின் கிழக்கு எல்லையில், போலந்தும் செக் நாடும் கூப்பிடு தூரத்தில் இருக்க, சிட்டாவ் என்றொரு சிறு நகரம். அங்கே பழைய கோவில் ஒன்றை அருங்காட்சியகமாக்கி, 8.20 மீட்டர் உயரமும் 6.80 மீட்டர் அகலமும் உள்ள லினன் துணி ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1472-இல் தீட்டியது. உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை 90 படங்கள். ஒரு காலத்தில், தவக்காலம் தொடங்கியதும் இந்தத் துணியைக் கோவிலுக்குள் குறுக்கே தொங்கவிட்டுப் பீடத்தை மக்கள் பார்வையிலிருந்து மறைத்துவிடுவார்கள். இதற்குப் பசித் துணி என்று பெயர்.

ஐரோப்பாவில் இந்த வழக்கம் ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பெரும் பாவம் செய்தவர்களைத் தவக்காலத் தொடக்கத்தில் கோவிலுக்கு வெளியே நிறுத்திவைப்பது அதற்கும் முந்தைய பழக்கம். பாவி என்று பார்த்தால் எல்லோரும் பாவிகள்தானே என்ற எண்ணம் வந்தபோது, எல்லோரையும் வெளியே நிறுத்த முடியாதே, அதனால் துணி வந்தது. வயிறு ஒரே வேளைச் சாப்பாட்டோடு, இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் இல்லாமல் ஒருசந்தி இருக்கும். கண்ணும் தன் பங்குக்கு ஒருசந்தி இருக்கும். புனித வாரத்துப் புதன்கிழமை பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது, எருசலேம் ஆலயத்தின் திரை கிழியும் இடம் வந்ததும் துணியை இறக்குவார்கள். நம்மூர்க் கத்தோலிக்கக் கோவில்களில் தவக்காலக் கடைசி நாட்களில் சுருபங்களை ஊதாத் துணியால் மூடுகிறார்களே, அதற்கு இது ஒருவகையில் பங்காளி.

சிட்டாவ் துணியின் 90 படங்களும் வேத வரலாறுதான். அந்த ஊரில் அன்று பசித்திருந்தவர் யார் என்று அதில் தேடினால் கிடைக்காது. துணியைக் காணிக்கையாகக் கொடுத்தவர் யாகோப் கூர்ட்லர்; மசாலாவும் தானியமும் விற்ற வியாபாரி. தானிய வியாபாரி பசித் துணி வாங்கிக் கொடுத்தார் என்பது இன்று நமக்கு உறுத்தலாம். அன்றைக்கு அது புண்ணியம், அவ்வளவுதான்.

ஆனால் ஒருசந்தி எல்லோருக்கும் ஒரே பாரமாக இருந்ததில்லை. ஆண்டு முழுவதும் இறைச்சியைக் கண்ணால் பார்க்காத குடியானவனுக்குத் தவக்காலத்தில் விட்டுவிட என்ன இருந்தது? கையில் காசு உள்ளவன் வெண்ணெய் தின்பதற்குத் திருச்சபையிடம் விலக்கு வாங்கிக்கொண்டான். பிரான்சில் ரூவான் பேராலயத்தின் தென்மேற்குக் கோபுரத்துக்கு வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். அப்படி விலக்கு வாங்கியவர்கள் கொடுத்த பணத்தில் எழும்பியது அது. விரதத்துக்கு விலை வைத்தால் அந்த விலை ஏழையின் வாசலுக்குப் போகவேண்டிய அவசியம் இல்லை, கல்லாகவும் நிற்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இத்தனைக்கும், மிச்சமானது எங்கே போகவேண்டும் என்பதில் ஆதிக் கிறிஸ்தவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. எருசலேமின் உபவாசக்காரர்களை எசாயா கடிந்துகொண்டது அவர்களுக்கு மனப்பாடம்: வேலைக்காரனை நசுக்கிக்கொண்டே நோன்பு இருக்காதே; கட்டுண்டவனை அவிழ்த்துவிடு; உன் அப்பத்தைப் பசித்தவனோடு பங்கிடு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட ‘எர்மாவின் ஆயன்’ இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடு. வழக்கம்போல் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பார். அதைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடு. அதே நூற்றாண்டில் ரோமப் பேரரசருக்கு விண்ணப்பம் எழுதிய அரிஸ்தீதெஸ், கிறிஸ்தவர்கள் தங்களிடம் உபரி இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் தாங்கள் பட்டினி கிடந்து ஏழைக்கு உணவு கொடுப்பதாகச் சொல்கிறார். அந்த நோன்புக்குத் திரையும் இல்லை, கோபுரமும் இல்லை.

பசித் துணியை மார்ட்டின் லூத்தருக்குப் பிடிக்கவில்லை. வெறும் வேடிக்கை என்று ஒதுக்கினார். வேடிக்கை என்னவென்றால், லூத்தர் வழிக்கு மாறிய பிறகும் சிட்டாவ் மக்கள் 1672 வரை அதைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு மடித்து வைத்து, மறந்தும் போனார்கள். 1945-இல் போர் முடிந்த நேரத்தில் சோவியத் படைவீரர்கள் அதைத் துண்டுகளாக வெட்டி, காட்டுக்குள் நீராவிக் குளியலுக்குத் தடுப்பாகக் கட்டினார்கள். ஆவி பட்ட இடங்களில் வண்ணம் கரைந்தது. விறகு பொறுக்கப் போன ஒருவர் கண்டெடுத்தார். 1994-95-இல் சுவிட்சர்லாந்தில் செப்பனிட்டார்கள். 1999 முதல் பார்வைக்கு இருக்கிறது.

போர் முடிந்த அந்த ஆண்டுகளில் ஜெர்மனியே பட்டினி கிடந்தது. 1946-47 குளிர்காலத்தில் நகரங்களில் உணவும் இல்லை, நிலக்கரியும் இல்லை. கொலோன் பேராயர் கர்தினால் யோசப் ஃபிரிங்ஸ் 1946-ஆம் ஆண்டின் கடைசி இரவில் பிரசங்கம் செய்தபோது, உழைத்தும் கேட்டும் கிடைக்காத நிலையில் உயிர்பிழைக்கத் தேவையானதை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். ரயிலிலிருந்து நிலக்கரி எடுத்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஜெர்மனி மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியபின், அதே ஃபிரிங்ஸ் ஃபுல்டாவில் கூடிய ஆயர்களிடம் இன்னொன்றைக் கேட்டார். தவக்காலத்தில் மிச்சமாகும் பணத்தை உலகின் பசிக்கும் நோய்க்கும் எதிராகத் திரட்டவேண்டும். அதோடு, அதிகாரத்தில் இருப்பவர்களின் மனசாட்சியிடமும் பேசவேண்டும். அப்படிப் பிறந்ததுதான் மிசரியோர் என்ற அமைப்பு. 1959 தவக்காலத்தில் எடுத்த முதல் காணிக்கையே 3 கோடி மார்க்கைத் தாண்டியது. பசி நினைவிலிருந்து அழியாத தலைமுறை கொடுத்த பணம் அது.

1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாளாகச் சுருங்கியது. பட்டினியின் இடத்தைச் செபமும் தர்மமும் நிரப்பும் என்பது எதிர்பார்ப்பு.

வயிற்றின் விரதம் மெலிந்த பத்தாம் ஆண்டில் துணி திரும்பி வந்தது. 1976-இல் மிசரியோர் பழைய வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்து, முதல் பசித் துணியை வரையும் பொறுப்பைப் பெங்களூரு அருகே வாழும் ஜோதி சாஹியிடம் கொடுத்தது. அதுவரை காணிக்கை மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த நாட்டிலிருந்து கொடுத்தவர்களின் கோவிலுக்கு ஓவியம் போனது. 1978-இல் எத்தியோப்பியாவின் அலெமாயெஹு பிசுனே, 1982-இல் ஹைட்டியின் ஜாக் ஷெரி, 1990-இல் மறுபடி இந்தியாவிலிருந்து லூசி டிசூசா, 1992-இல் சமாதான நோபல் பரிசு பெற்ற அர்ஜென்டினாவின் அடோல்ஃபோ பெரெஸ் எஸ்கிவேல். அச்சடித்த பிரதிகள் பங்குக் கோவில்களுக்கும் பள்ளிகளுக்கும் போயின. இவை எதையும் மறைக்க வரவில்லை. தென்னுலகில் யார் பசித்திருக்கிறார், ஏன் பசித்திருக்கிறார் என்று காட்ட வந்தவை.

என்னை மிகவும் நிறுத்திவைப்பது 2021-இன் துணி. சிலி நாட்டில் பிறந்த லில்லியன் மொரேனோ சாஞ்செஸ் வரைந்தது. 2019 அக்டோபரில் சாந்தியாகோவில் மெட்ரோ ரயில் கட்டண உயர்வில் தொடங்கி, ஏற்றத்தாழ்வுக்கு எதிரான பெருங்கிளர்ச்சியாக மூண்ட போராட்டத்தில் ஒருவருக்குக் கால் உடைந்தது. அந்தக் காலின் எக்ஸ்ரே படம்தான் ஓவியத்தின் கோடு. மருத்துவமனையிலிருந்தும் கன்னியர் மடத்திலிருந்தும் வாங்கிய படுக்கைத் துணிகள்தான் திரை. போராட்டம் நடந்த சதுக்கத்தின் மண்ணை அதில் தேய்த்திருக்கிறார். தையலில் பொன்னிறம். அந்தக் கிளர்ச்சியில் போலீஸ் சுட்ட சிறு குண்டுகள் உள்ளிட்டவற்றால் 400-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் காயம்பட்டது.

பீடத்தை மறைத்த அந்த நாட்களில் துணி பசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பார்த்தவர்களின் வயிறு மட்டும் காலியாக இருந்தது. இன்று துணி பசியைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை; எதிரே அமர்ந்திருப்பவர்களோ சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். ஜெர்மானியச் சீர்திருத்தச் சபைகள் 1983 முதல் நடத்தும் ஏழு வார இயக்கத்தில் மதுவையோ இனிப்பையோ விடுபவர்கள் நிறைய. நல்லதுதான், உடம்புக்கு நிச்சயம் நல்லது. விட்ட பீரின் விலையை எர்மா சொன்னபடி கணக்குப் போட்டு எடுத்துவைப்பவர் எத்தனை பேர் என்பதுதான் என் சந்தேகம்.

ஆனாலும் ஃபிரிங்ஸ் கேட்ட இரண்டாவது காரியம் வீண்போகவில்லை. காபியும் சாக்லேட்டும் துணியும் எந்தக் கைகளிலிருந்து வருகின்றன, அந்தக் கைகளுக்கு என்ன கூலி என்பதைப் பெரிய நிறுவனங்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் கேட்டு, 2019 முதல் பல அமைப்புகளோடு மிசரியோரும் பிரசாரம் செய்தது. உடைந்த காலை வரைந்த துணி தொங்கிய அதே 2021-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 2023 சனவரி முதல் குறைந்தது 3,000 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், மறு ஆண்டு முதல் குறைந்தது 1,000 பேர் உள்ளவற்றுக்கும் அது பொருந்தியது. எசாயா கடிந்துகொண்ட முதலாளிகளின் சங்கதிதான் இதுவும். என்ன, கூலிக்காரன் இப்போது வேறு கண்டத்தில் இருக்கிறான். சுமை தாங்க முடியவில்லை என்று தொழில் நிறுவனங்கள் முறையிட்டுக்கொண்டே இருக்கின்றன. சட்டத்தைத் தளர்த்தும் முயற்சியும் தொடங்கியாகிவிட்டது. காணிக்கை உறைக்கு இதுவரை எந்த நிறுவனமும் ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை.