கண்ணாடித் தொட்டியின் கடைமடை

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் விடியற்காலை விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, கப்பி மீன்கள் அத்தனையும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. காரைக்கால்மேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டி அது. வேலம்பாசியும், நெல்வயலில் களையாக முளைக்கிறதே ரொட்டாலா, அதன் வெளிநாட்டு உறவுச் செடிகளும் அதில் காடாக மண்டியிருந்தன. இவ்வளவு பச்சை இருக்கிற இடத்தில் மூச்சுக்கு ஏன் பஞ்சம்?

பகலில் ஆக்சிஜனைத் தரும் செடிகள் இரவில் மீனைப் போலவே அதை எடுத்துக்கொள்கின்றன. தண்ணீரிலோ ஆக்சிஜன் எப்போதுமே குறைவு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 260 மில்லிகிராம் இருக்கும். நம் கடற்கரை வெப்பத்தில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் நன்னீர் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். 20 டிகிரிக் குளிர்ச்சி என்றால் ஒன்பதைத் தொடும். செலவாகிற ஆக்சிஜன் மேற்பரப்பு வழியாகத்தான் திரும்ப உள்ளே வரவேண்டும். மேலே வந்தது கீழேயும் மூலைகளுக்கும் போய்ச் சேர, தண்ணீர் நகரவேண்டும்.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறாறாக, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, கடைசியில்தான் காரைக்காலுக்கு வருகிறது. தலைமதகில் தண்ணீர் ததும்பினாலும், நடுவில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்திருந்தால் கடைமடை வயல் காயும். என் தொட்டியிலும் அதே கதைதான். வடிகட்டியிலிருந்து வந்த நீர் செடிக்காட்டுக்குள் நுழையவே இல்லை. தடையில்லாத மேல்பக்கமாக ஓடி, சீக்கிரமே உறிஞ்சுகுழாய்க்குத் திரும்பிவிட்டது. இடதுபக்கப் பின்மூலை கடைமடையாகிவிட்டது. அங்கே மணலைக் கிளறினால் முட்டை அழுகிய வாடை. காற்றுப்படாத சேற்றில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு அது.

நீர் தேங்கினால் மீனுக்கு மட்டுமல்ல, செடிக்கும் பட்டினி. ஒவ்வொரு இலையையும் அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அதன் கனம் மில்லிமீட்டரில் ஒரு பங்குதான். ஆனால் கரியமில வாயு காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால், இலைக்கு அந்தப் படலமே பெரிய சுவர். ஓட்டம் இருந்தால் படலம் மெலியும், உணவு உள்ளே போகும். இதற்கு வெள்ளம் வேண்டாம். விநாடிக்குச் சில சென்டிமீட்டர் நகர்வு போதும். இளங்காற்றில் நாற்று அசைவதுபோல இலை அசைந்தால் சரி. ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டால் வேகம் அதிகம்.

நான் செய்யவிருந்த முதல் தவறு, இன்னொரு மோட்டார் வாங்கி எதிர்ப்பக்கத்தில் மாட்டப் போனது. எதிரெதிரே வரும் இரண்டு ஓட்டங்கள் நடுவில் மோதி வலுவிழந்துவிடும். இருக்கிற ஓட்டத்தை முதலில் அளந்து பார்ப்பதே நல்லது. அடர்ந்த தொட்டிக்கு அதன் கொள்ளளவைப் போலப் பத்து மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் சுழலவேண்டும் என்பது வளர்ப்பவர்களின் கைக்கணக்கு. என் தொட்டி 54 லிட்டர். வடிகட்டிப் பெட்டியில் 600 லிட்டர் என்று போட்டிருந்தது. வெளிக்குழாயில் ஒரு லிட்டர் குவளையைப் பிடித்தேன். நிரம்பப் பன்னிரண்டு விநாடி ஆனது. அப்படியென்றால் மணிக்கு 300 லிட்டர்தான். பெட்டியில் போடுவது பஞ்சும் உயரமும் இல்லாத நிலையில் எடுத்த கணக்கு. பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போட்டபிறகு எட்டு விநாடி, அதாவது 450 லிட்டர். குழாயடியில் அலசவேண்டாம், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் குளோரின் கொன்றுவிடும்.

அடுத்தது திசை. நீர்த்தோட்டக் கலையை உலகெங்கும் பரப்பிய ஜப்பானியர் தகாஷி அமானோவின் தொட்டிகளில் அல்லிப்பூப்போல வாய் விரிந்த கண்ணாடிக் குழாய் இருக்கும். பீய்ச்சும் நீரை அந்த வாய் அகலமாக்கித் தணித்து அனுப்புகிறது. நான் வரிசையாகத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பின்கண்ணாடியின் மேல்விளிம்பில் நீளவாக்கில் கட்டினேன். நீர் முன்கண்ணாடிக்கு வந்து, மோதிக் கீழிறங்கி, மணலை ஒட்டிப் பின்னால் திரும்புகிறது. குழாயைச் சற்றே மேல்நோக்கித் திருப்பியதால் மேற்பரப்பில் சிற்றலை எழும்பி, எண்ணெய்போல் படிந்திருந்த ஆடையும் கலைந்தது. கரியமில வாயுவைத் தனியாகச் செலுத்துபவர்கள் அது வெளியேறிவிடும் என்று இந்த அலைக்குப் பயப்படுவார்கள். அவர்கள் இரவிலாவது அதை அனுமதிக்கவேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது தூர்வாரியதுதான். பிரியமாக வளர்த்த செடியை வெட்டக் கை வரவில்லை. இருந்தும் மூன்றில் ஒரு பங்கை எடுத்தேன். பின்கண்ணாடிக்கும் செடிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி, நடுவில் மணல் தெரிய ஒரு வாய்க்கால், நிழலில் அழுகும் அடியிலைகள் நீக்கம். செடி வளர வளர வழி அடைபடும் என்பதால் இது மாதாமாதம் உள்ள வேலை.

ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இதை அப்படியே செய்யவேண்டாம். நம் வாய்க்கால்களின் பனையேறிக் கெண்டையைப் போல அதுவும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். அதன் நீண்ட துடுப்புகளுக்கு ஓட்டம் சுமை.

தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, மீன் தீவனத்தைப் பொடித்து ஒரு சிட்டிகை துளைக்குழாயின் அருகே விடுவேன். முதல் தடவை பொடி மேலேயே ஒரு வட்டமடித்து உறிஞ்சுகுழாய்க்குள் போய்விட்டது. தூர்வாரிய மறுநாள் அது முன்கண்ணாடியோரம் இறங்கி, மணலில் தவழ்ந்து, இடதுபக்கப் பின்மூலை வரை போனது. அங்கிருந்த வேலம்பாசி லேசாக ஆடியது.