வாட்ஸ்அப் பேக்கப்பைப் பூட்டியாச்சா?

"வாட்ஸ்அப்புல நாம பேசுறதை அந்த கம்பெனியே படிக்க முடியாது" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. செய்தி போகும் வழியில் அது சரிதான். 2016 முதல் தனிப்பட்ட உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டே போகின்றன. திறக்கும் சாவி இரண்டு பக்கத்து சாதனங்களில் மட்டும்தான் இருக்கும்.

ஆனா அதையே கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ பேக்கப் எடுத்தால், அந்தப் பிரதிக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வராது. 2021இல் வந்த மறையாக்க பேக்கப் வசதியை, செட்டிங்ஸில் 'சாட் பேக்கப்' பகுதிக்குப் போய் நாமேதான் ஆன் செய்யணும்.

பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். போனும் தொலைந்து பாஸ்வேர்டும் மறந்துபோனால், பழைய பேச்சு போனது போனதுதான்.

இன்னொன்று: நீங்கள் பூட்டினாலும், எதிரில் பேசியவர் பூட்டவில்லை என்றால், அதே பேச்சு அவருடைய பேக்கப்பில் பூட்டாமல் கிடக்கும். வீட்டில் உள்ளவர்கள் போனையும் ஒருமுறை பார்த்துடுங்க.