ஒரு கூலி போன வீட்டில் இரு கூலியின் தவணையா?

தஞ்சைத் தரணியிலே புதியதொரு மிராசு முளைத்திருக்கிறது. அதற்கு நிலமில்லை, களத்துமேடு இல்லை, காரியஸ்தர் இல்லை. தோளிலே ஒரு பை, கையிலே ஒரு செல்போன், ஏறிவர ஒரு மோட்டார் சைக்கிள். தெருவுக்கு வந்து, பெண்களை வட்டமாக உட்கார வைத்துத் தவணையை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறது. நுண்கடன் கம்பெனி என்பது அதன் பெயர். கிராமத்திலே 'குழு லோன்' என்றால்தான் தெரியும்.

கடன் கொடுத்ததே குற்றமென்று நாம் சொல்லவில்லை. கந்துவட்டிக்காரனுக்கு இது மேல் என்று எண்ணித்தான் நம் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். நாம் கேட்பது வேறு. கணவனும் மனைவியும் இருவருமே கூலிக்குப் போகிற வீடு என்று பார்த்துத்தானே அந்தக் கடன் கொடுக்கப்பட்டது? இருவரில் ஒருவர் கூலி நின்றுவிட்டால் தவணை மட்டும் ஏன் பழைய அளவிலேயே நிற்க வேண்டும்?

கூலி நிற்பதற்கா இந்தச் சீமையிலே காரணம் பஞ்சம்? நடவு இயந்திரம் வந்தது, பெண்ணின் கூலி போயிற்று. அறுவடை இயந்திரம் வந்தது, இருவர் கூலியும் சுருங்கியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்தது. தேங்காய் பறித்தவனுக்கும் மட்டை உரித்தவனுக்கும் அன்றோடு வேலை போயிற்று. 2024இல் ஜூன் 12 வந்தது, மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை குறைந்தால் மிராசுதாருக்கு நஷ்டம். நாற்றுப் பறிக்கிறவளுக்கு அடுப்பே எரியாது. இதற்கெல்லாம் மேலே மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவன் கதை, திருப்பூருக்குப் போய் வேலையிழந்து திரும்பியவன் கதை. ஊருக்கு ஊர் உண்டு.

பழைய தலைமுறைக்கு இது புதிதல்ல. பண்ணையாள் முறையிலே ஆணை மட்டுமா பண்ணை பிடித்து வைத்தது? அவன் மனைவியும் அதே பண்ணைக்குத்தான் உழைக்க வேண்டும். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருவர் காலிலும் விலங்கு. 1952 ஆகஸ்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்ததென்றால், அது யாரோ மனமிரங்கிக் கொடுத்ததல்ல. செங்கொடியின் கீழே பண்ணையாட்கள் திரண்ட பிறகே வந்தது.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, அவனுக்கு மாதம் 9,000 ரூபாய், அவளுக்கு 6,000. ஆக 15,000. ரிசர்வ் பாங்கி 2022 மார்ச் 14 அன்று போட்ட விதியின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி 7,500. இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து 7,000 கட்டி வந்தார்கள், விதிக்குள்தான். அவன் கூலி நின்றது. மிஞ்சுவது 6,000. அதில் பாதி 3,000. தவணையோ அதே 7,000! அரிசி வாங்காமல், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல், கூலி முழுவதையும் கொட்டினாலும் 1,000 ரூபாய் துண்டு விழுகிறது. அந்த 1,000 எங்கிருந்து வரும்? மூன்றாவது கம்பெனியிடமிருந்து வரும். அல்லது கந்துவட்டியிலிருந்து வரும். இந்த இடத்திலேதான் குடும்பங்கள் மூழ்குகின்றன.

கொடுக்கும் நாளிலே வருமானத்தைப் பார்க்கச் சொன்ன அதே விதிகள், கட்ட முடியாமல் தவிக்கிறவர்களைக் கண்டறியவும், அவர்களோடு பேசவும், என்ன வழியுண்டு என்று சொல்லவும் கம்பெனி ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே தவணையைக் குறை, காலத்தை நீட்டு என்று கேட்பது பிச்சையல்ல. ஆனால் வசூலுக்கு வருகிற பையனிடம் வாயால் சொன்னால் அது காற்றோடு போகும். இன்ன தேதியில் வேலை போயிற்று, இன்று வருமானம் இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்ட முடியும் என்று எழுதி, கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். 30 நாளில் பதிலில்லையென்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் பைசா செலவில்லாமல் புகார் போகலாம். விவரம் கேட்க 14448. வேலை போனது மட்டுமல்ல, கணவனே போய்விட்ட வீடாயிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இன்ஷூரன்ஸ். இந்தக் கடன்களில் பெரும்பாலும் கணவன் மனைவி இருவருக்குமே காப்பீட்டுப் பணம் முன்கூட்டிப் பிடிக்கப்பட்டிருக்கும். கடன் அட்டையைப் புரட்டிப் பார்க்காமல், இறந்தவனின் கடனை விதவை கட்டிக்கொண்டிருப்பதா?

வசூலுக்கும் வரம்புண்டு. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் பேசக் கூடாது. குறித்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறையாவது வராதிருந்தால்தான் வீட்டு வாசலுக்கே வரலாம். மிரட்டுவது, ஏசுவது, பின்தொடர்வது கூடாது. தமிழ்நாட்டில் 2025இல் வந்த வலுக்கட்டாய வசூல் தடுப்புச் சட்டம் இத்தகைய அட்டூழியத்துக்கு 5 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

"கோர்ட்டுக்குப் போவோம், ஜப்தி செய்வோம்" என்று பயமுறுத்துவார்களே, அதைப் பற்றி இரண்டு வார்த்தை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, கூலிக்காரனின் கூலியை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. அவன் குடியிருக்கும் வீட்டைத் தொடக் கூடாது. ஆனால் வீட்டையே ஈடு எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் காப்பு இல்லை. சமையல் பாத்திரம், படுக்கை, உழவு மாடு, விதைநெல், இவற்றைத் தொடக் கூடாது. பெண்ணின் தாலியைத் தொடக் கூடாது. பணக் கடனுக்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று 56ஆவது பிரிவு சொல்கிறது. தாலியைக் கழற்றி அடகு வைத்துத் தவணை கட்டிய நம் சகோதரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவென்று பாராமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 எண்ணில் கேட்கலாம்.

கடைசி வழி, ஊரறிந்த மஞ்சள் கடுதாசி. 1920ஆம் ஆண்டு மாகாண இன்சால்வென்சி சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் குழுக் கடனில் ஒருத்தி இதைக் கொடுத்தால் பாரம் மற்றப் பெண்கள் தலையில் ஏறும் என்பதை மறக்கக் கூடாது.

2016இல் டில்லியிலே புதிய திவால் சட்டம் செய்தார்கள். அதிலே ஏழைகளுக்கென்று 'புதுத் தொடக்கம்' என்று ஓர் அத்தியாயம். கடனைத் தள்ளி, புது வாழ்வு தொடங்க விடும் ஏற்பாடு. பெயர் அழகுதான்! யாருக்குக் கிடைக்கும்? ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000க்குள், கடன் 35,000க்குள் இருக்க வேண்டும். சொந்த வீடே இருக்கக் கூடாது. நாம் மேலே சொன்ன மனைவியின் தனிக் கூலியே ஆண்டுக்கு 72,000. அவளுக்கே கதவு மூடியாயிற்று. கதவு மூடியதற்காகக்கூட அழ வேண்டியதில்லை. அந்த அத்தியாயமே இன்னும் அமலுக்கு வரவில்லை. கம்பெனிகளுக்கான பகுதியோ 2016 முதலே நடக்கிறது. அங்கே தீர்வுத் திட்டங்களில் கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்பியது மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். முதலாளிக்கு மூன்றில் இரண்டு தள்ளுபடி, நாற்று நடுகிறவளுக்கு முழு வசூல்!

தள்ளுபடியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளப்பட்டது. 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனும் தள்ளப்பட்டது. நல்லது. ஆனால் பயிர்க்கடன் பட்டாவும் சிட்டாவும் உள்ளவனைத் தேடிப் போகிறது. குழு லோன் வாங்கிய நிலமற்ற தம்பதிக்கு அதில் என்ன வந்தது? முன்னாளிலே, 1938இல், சென்னை மாகாணத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அசலைப் போல இரு மடங்கு கட்டியவன் கடன் தீர்ந்தது என்றே எழுதியது. தனியார் லேவாதேவிக்காரன் கணக்கிலே சர்க்கார் கை வைக்க முடியுமென்று அன்றே காட்டியாயிற்று.

நாம் கேட்பது இதுதான்: 'புதுத் தொடக்கம்' அத்தியாயத்தை அமலுக்குக் கொண்டு வா, அந்த வரம்புகளை இன்றைய கூலிக்கு ஏற்ப உயர்த்து, குடிசை வைத்திருப்பதைக் குற்றமாக்காதே. ஒரு வருமானம் நின்ற வீட்டுக்குத் தவணையைப் புதிய வருமானத்தில் பாதிக்குள் குறைப்பதைக் கம்பெனியின் தயவுக்கு விடாமல் கட்டாயமாக்கு. ஒவ்வொரு கிராம சபையிலும் இந்தத் தீர்மானம் வரட்டும்.

அதுவரை கிளைகளுக்கு வேலை உண்டு. குழுவிலே ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால் மற்ற ஒன்பது பேரைக் கொண்டு அவளைத் திட்ட வைக்கிறார்களே, கம்பெனிக்கு இதைவிட மலிவான போலீஸ் உண்டா? அடுத்த தவணை நாளன்று கிளைத் தோழர் ஒருவர் கணக்கு நோட்டோடு அங்கே போகட்டும். அந்த வீட்டின் வரவையும் எல்லாத் தவணைகளையும் பத்துப் பெண்களின் முன்னால் எழுதிக் காட்டி, மனுவிலே பத்துப் பேர் கையெழுத்தையும் வாங்கி, எல்லோருமாகவே கிளை அலுவலகத்துக்குப் போகட்டும்.