சக்கரக் கிருமி

பேதி என்றதும் அழுக்கு நீரும் ஈ மொய்த்த பண்டங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. காலராவையும் சீதபேதியையும் பொறுத்தவரை அது சரியே. ஆனால் இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திடீரென வாந்தியும் காய்ச்சலுமாகத் தொடங்கும் கடும் பேதி பெரும்பாலும் வைரசின் வேலை. அவ்வகை வைரஸ்களுள் மிகக் கொடியது ரோட்டா.

1973-ஆம் ஆண்டில் ரூத் பிஷப் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த திசுவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தபோது இக்கிருமியைக் கண்டனர். பார்வைக்கு வண்டிச் சக்கரம் போல் இருந்தமையால் பின்னர் இப்பெயர் சூட்டப்பட்டது. இலத்தீன் மொழியில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். இது நடந்தது ஆஸ்திரேலியாவில், தூய குழாய்நீர் கிடைக்கும் மெல்பர்ன் நகரில்! மிகச் சில கிருமிகளே நோயை உண்டாக்கப் போதும். அவை கைகளிலும் விளையாட்டுச் சாமான்களிலும் கூட ஒட்டிக்கொண்டு பரவும். கை கழுவுவது வீண் என்று நான் கூறவில்லை. ஆனால் சோப்பும் காய்ச்சிய நீரும் மட்டுமே இதனைத் தடுத்துவிடா.

தடுப்பு மருந்து வருவதற்கு முன், உலகின் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் இக்கிருமி ஒருமுறையாவது தொற்றியது. ஆனால் மரணமோ எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் நிகழவில்லை. 2013-இல் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 2,15,000 குழந்தைகள் இதனால் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியா, பாகிஸ்தான், நைஜீரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய நான்கே நாட்டுக் குழந்தைகள். கிருமி ஒன்றுதான், முடிவு மட்டும் ஏன் வேறாயிற்று?

வேலூரில் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்றாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து, 2011-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஆறு மாதம் நிறையுமுன்பே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிருமி தொற்றியிருந்தது. உடல் எடை குறைந்த பச்சிளங்குழந்தை எவ்வளவு நீரிழப்பைத் தாங்கும்? மேலும், மெக்சிகோ நாட்டில் நடந்த முந்தைய ஆய்வில் இருமுறை தொற்று வந்த குழந்தைக்குப் பிறகு கடும் பேதி வரவேயில்லை. வேலூரிலோ மும்முறை தொற்றிய பின்னும் பாதுகாப்பு 79 சதவீதமே. இவற்றோடு, மருத்துவமனை தொலைவில் இருப்பதையும், கையில் பஸ் சார்ஜுக்குக் காசில்லாததையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வழக்கங்களுக்கும் இதில் பங்குண்டு. பல் முளைக்கிறது என்றும், உரம் விழுந்துவிட்டது என்றும் சொல்லி இரண்டு நாட்களைக் கடத்திவிடுகிறோம். “குடித்தால் இன்னும் போகும்” என்று தண்ணீரையும் நிறுத்திவிடுகிறோம். உண்மையில் குழந்தையைக் கொல்வது கிருமியன்று. உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்புமே. குடலின் உட்சுவரிலுள்ள மெல்லிய விரல் போன்ற பகுதிகளின் நுனிகளை வைரஸ் சிதைக்கிறது. அதனால் வெறும் நீர் போதிய அளவு உட்செல்வதில்லை. ஆனால் உப்புடன் அளவான சர்க்கரை சேருமாயின், இரண்டும் கைகோத்துக் குடற்சுவருக்குள் நுழைகின்றன. நீரும் அவற்றைத் தொடர்ந்து செல்கிறது.

இந்த எளிய உண்மையின் பலனை 1971-இல் மேற்கு வங்காளத்துப் பன்கானில் உலகம் கண்டது. வங்கதேசப் போரின் அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் இக்கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினரையே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். முப்பது சதவீதம் வரை இருந்த மரணம் நான்கு சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. அது காலராதான், ஆனால் நீரிழப்புக்கு மருந்து இரண்டிற்கும் ஒன்றே.

இன்று தடுப்பு மருந்தும் உண்டு. டெல்லியில் 1980-களில் பச்சிளங்குழந்தைகளிடம் தீங்கின்றிக் காணப்பட்ட ஒரு ரோட்டா வகையிலிருந்து ‘ரோட்டாவாக்’ உருவாயிற்று. அது முதலாண்டில் கடும் நோயில் ஏறத்தாழ 56 சதவீதத்தைத் தடுக்கிறது. பாதிதானே என்று உதட்டைப் பிதுக்கலாகாது. இறப்பு மிகுந்த நாட்டில் பாதி என்பது ஆயிரக்கணக்கான குழந்தைகள். 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ரோட்டா தடுப்புத் திட்டம் மறு ஆண்டு தமிழ்நாட்டிற்கும் வந்தது. குழந்தை பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியே இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

தோழியரே, தம்பி தங்கைகளை இடுப்பில் சுமப்பவர்கள் பெரும்பாலும் நாம்தானே! பேதி தொடங்கியதும் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு கூடினால் ஆபத்து. கண்கள் குழிந்து, உச்சிக்குழி உள்வாங்கி, சிறுநீர் நின்று, குழந்தை சோர்ந்து கிடந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். வழியெல்லாம் புகட்டிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.