தொண்டையில் ஒரு பை: நோயும் சிகிச்சை உரிமையும்

உண்ட சோறு சில மணி நேரம் கழித்தும் செரிக்காமல் வாய்க்குத் திரும்புகிறது; விழுங்குவது கடினமாகிறது; இரவில் இருமல் வருகிறது; வாய் நாறுகிறது. முதியவர் ஒருவரிடம் இவை சேர்ந்து தென்பட்டால், தொண்டையும் உணவுக்குழாயும் இணையுமிடத்தில் ஒரு பை உருவாகியிருக்கக்கூடும். 1877இல் இதை விரிவாக ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இது 'சென்கர் பை' எனப்படுகிறது.

விழுங்கும்போது அங்குள்ள வளையத் தசை போதிய அளவு தளராவிட்டால் அழுத்தம் கூடுகிறது. சற்று மேலே தசை மெலிந்த இடத்தில் உட்சவ்வு பின்புறமாகப் பிதுங்குகிறது. அதில் தேங்கும் உணவே அழுகி நாறுகிறது. அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா உண்டாகலாம். பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் பை தெரிந்துவிடும்.

முன்பு கழுத்தைத் திறந்தே அறுவை செய்தனர். இன்று பலருக்கு வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடைப்பட்ட தசைச்சுவரை வெட்டிவிடுகின்றனர். வெளியே தழும்பு இல்லை. பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புகின்றனர். துளை விழுதல், இரத்தக்கசிவு, நோய் மீளுதல் ஆகிய அபாயங்கள் உண்டு. ஆகவே தேர்ந்த மருத்துவர் தேவை.

காரைக்காலின் தலித் விவசாயக் கூலிக்கு இது எட்டுமா என்பதே நம் கேள்வி. 2016இல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி இங்குத் தொடங்கப்பட்டது. ஆயினும் தாய் நிறுவனம் 100 கிலோமீட்டருக்கும் அப்பால், தமிழ்நாட்டு மாவட்டங்களைக் கடந்து, புதுச்சேரியில் உள்ளது. அங்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் இருவரின் கூலி இழப்பாகும். தூரத்தைவிடக் கொடியது சாதியப் பார்வை: நோயின் நாற்றத்தை அது அசுத்தமென்றும் குடிப்பழக்கமென்றும் வாசிக்கும்.

மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் ஒரு தலித்தைச் சாதியின் பெயரால் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் உள்ளே அனுமதித்து, பரிசோதிக்காமல் இருமல் மருந்தோடு திருப்பியனுப்பும் புறக்கணிப்பு அச்சட்டத்தில் எளிதில் சிக்காது. அங்கேதான் அரசமைப்பின் 21ஆம் கூறு துணைநிற்கிறது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது வாழ்வுரிமை மீறல் என்று, மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவசரச் சிகிச்சை குறித்த அத்தீர்ப்பின் அடிப்படையை நாம் விரித்து வாதிட வேண்டும்.

வாதிடச் சான்று வேண்டும். மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு ஆவணங்கள் தரப்பட வேண்டும், கேட்டுப் பெறுவோம். பேரியம் எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் எங்கே கிடைக்கின்றன, எத்தனை பேர் வெளியூருக்கு அனுப்பப்பட்டனர் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். விழுங்க முடியாத முதியவரின் குரல் சட்டத்தின் காதில் விழ, இத்தாள்களே முதற்படி.